பொடியா, ஆர்.ஓ. இயந்திரமா, காய்ச்சிய தண்ணீரா: எட்டு மாதக் குழந்தையின் குடலுக்கு எது முதலில்?

தங்கச்சிமடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தம்பி மகளுக்கு எட்டு மாதப் பெண் குழந்தை இருக்கிறது. இணை உணவு கொடுக்கத் தொடங்கிய இந்த இரண்டு மாதங்களுக்குள் குழந்தைக்கு மூன்று முறை வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. அவள் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், இருக்கிற பணத்தை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். இந்த நேரம் பார்த்து ஆளுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். மருந்துக் கடையில், குடலில் நல்ல பாக்டீரியாவை வளர்த்து எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று ஒரு புரோபயாடிக் பொடியை நாளுக்கு ஒன்றாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். கணவர் தவணையில் ஓர் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிவிடலாம் என்கிறார். மாமியார் உரை மருந்து போதும் என்கிறார். பக்கத்து வீட்டு மதினி, தன் மகனுக்கு வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பையே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். “அத்தை, இதுல எதை மொதல்ல செய்ய? எல்லாத்துக்கும் காசு இல்ல” என்று அவள் போனில் கேட்டபோது நான் சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். அதே குழப்பத்தில் இந்தக் கரையில் இன்னும் பல தாய்மார்கள் இருப்பார்கள் என்பதால், அந்தப் பதிலைக் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவள்.

இந்த யோசனைகளை விலையை வைத்தோ விளம்பரத்தை வைத்தோ ஒப்பிட முடியாது. குழந்தையின் குடல் உட்சுவரில் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்களுக்கு இவை ஒவ்வொன்றும் என்ன செய்கின்றன என்று பார்த்தால்தான் வரிசை பிடிபடும். அதற்கு அந்தச் செல்கள் என்ன வேலை செய்கின்றன என்பது முதலில் தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக் குடல் சுத்தம் செய்கிறவர்கள் இதில் ஒரு பகுதியைக் கையாலேயே தொட்டிருப்பார்கள். குச்சியால் குடலைத் திருப்பி, உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவும்போது, உட்பக்கம் முழுவதும் ஈரமான துண்டின் முகம்போல மெத்தென்று இருக்கும். அந்த மென்மை, உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் என்ற, ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இல்லாத நுண்முளைகள் நெருக்கமாக நிற்பதால் வருவது. இளம் ஆடாக இருந்தால், சிறுகுடல் முடியப்போகும் இடத்தில் விரலுக்குத் தடிப்பாக ஒரு பட்டை தட்டுப்படும். மற்ற இடங்களைவிட அங்கே சுவர் கனமாகவும் சற்று வெளுத்தும் இருக்கும். அது கொழுப்பு என்று நினைத்து நம் வீடுகளில் சுரண்டிவிடுவதும் உண்டு. உண்மையில் அது நோயெதிர்ப்புச் செல்கள் லட்சக்கணக்கில் கூடியிருக்கும் நிணத்திசு. சுவிட்சர்லாந்து நாட்டு உடற்கூறியல் அறிஞர் யோஹான் கான்ராட் பேயர் 1677-இல் இதை விவரித்ததால் பேயர் திட்டுகள் என்று பெயர். மனிதக் குடலிலும் இவை சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். நாம் தினமும் அரியும் மீனின் குடலில் இந்தத் திட்டுகள் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீனில் இந்தச் செல்கள் சுவர் நெடுகச் சிதறிக் கிடக்கின்றன.

உணவுக்கும் இரத்தத்துக்கும் இடையே குடலில் இருக்கும் மேற்படலம் ஒரே ஒரு செல் தடிமன் கொண்டது. அந்த ஒற்றை வரிசையும் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாக முளைத்துவிடுகிறது. வளர்ந்த ஒருவரின் உணவுப்பாதையை விரித்துப் போட்டால் சுமார் 30 சதுர மீட்டர் பரப்பு வரும். இவ்வளவு பெரிய பரப்பை இவ்வளவு மெல்லிய படலம் காக்க வேண்டியிருப்பதால்தான், உடலின் நோயெதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு குடலிலேயே குடியிருக்கிறது. மேற்படலத்துக்கு மேலே கோழைப் படலம் இருக்கிறது. மேற்படலச் செல்களுக்கு நடுவிலேயே, ஐந்து முதல் பத்துச் செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில், டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை செருகி நிற்கின்றன. நுண்ணோக்கியில் இளஞ்சிவப்புச் சுவருக்கு நடுவே கருநீலப் புள்ளிகளாகத் தெரியும் அவற்றை என் மாணவிகள் முதலில் சாயத் துளிகள் என்றே நினைப்பார்கள். காயம்பட்ட மேற்படலச் செல்லை நீக்குவதும் பக்கத்துச் செல்களைப் பழுதுபார்க்கத் தூண்டுவதும் அவற்றின் வேலை. அதற்குக் கீழே, கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ்களும், வந்தது என்ன என்று மற்றச் செல்களுக்குக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்களும், எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்களும் இருக்கின்றன.

பேயர் திட்டுக்கு மேல் இருக்கும் எம் செல்கள் குடலுக்குள் வருவதில் கொஞ்சத்தை எடுத்து உள்ளே கொடுக்கின்றன. கரைக்கு வந்த கூடையில் இரண்டு மீனை எடுத்துச் செவுளைப் பார்த்துவிட்டு ஏலம் கேட்பதில்லையா, அதைப் போல. அந்த மாதிரியை வாங்கும் டென்ட்ரைட்டிக் செல் அதை டி செல்லுக்கும் பி செல்லுக்கும் காட்டுகிறது. இந்தச் செல்லை அடையாளம் கண்டு 1973-இல் எழுதிய ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. பி செல்கள் முதிர்ந்து பிளாஸ்மா செல்களாகி ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. வளர்ந்த ஒருவரின் குடலுக்குள் நாளொன்றுக்கு மூன்று கிராமுக்கும் குறையாமல் இது இறங்குகிறது. ஐ.ஜி.ஏ. பெரும்பாலும் கிருமியைக் கொல்வதில்லை. கிருமியின் மேல் படிந்து, அது சுவரில் ஒட்டாதபடி பார்த்துக்கொண்டு, மலத்தோடு வெளியேற விடுகிறது.

இந்த இடத்தில்தான் “எதிர்ப்பு சக்தி கூடும்” என்ற பேச்சு வழிதவறுகிறது. குடலுக்குள் வருவதில் மிகப் பெரும்பகுதி உணவும் அங்கேயே வாழும் பாக்டீரியாக்களுமே. அவற்றை எல்லாம் எதிர்த்தால் உடல் தன்னையே புண்ணாக்கிக்கொள்ளும். அதனால் குடல்சுவரின் செல்கள் பெரும்பாலான நேரம் பொறுத்துப்போவதற்கே பழக்கப்பட்டவை. அங்குள்ள மேக்ரோபேஜ், உள்ளே நழுவிய பாக்டீரியாவை விழுங்கிவிட்டு அழற்சியைக் கிளப்பாமல் அடங்கியிருக்கிறது. அடங்கியிருக்கச் சொல்வதற்கென்றே ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இருக்கின்றன. இவற்றைக் குறித்த கண்டுபிடிப்புகளுக்காகத்தான் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் 2025-இன் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். ஆகவே குழந்தையின் குடலுக்கு வெறுமனே சக்தியைக் கூட்டுவது தேவையில்லை, அது ஆபத்தும்கூட. எதைப் பொறுப்பது, எதை எதிர்ப்பது என்று அந்தச் செல்கள் கற்றுக்கொள்ளும் முதல் இரண்டு ஆண்டுகளில், அவை ஓயாமல் தாக்கப்படாமல் இருப்பதும், அவற்றுக்கு வேண்டிய உணவு கிடைப்பதும், கற்றுக்கொடுக்கும் பால் நிற்காமல் இருப்பதும்தான் தேவை. என் ஒப்பீட்டுக்கு இதுதான் அளவுகோல்.

மதினி கொடுத்த சிரப்பை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும்பாலானது வைரஸால் வருவது. வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது. அது அழிப்பது குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களை. அவை நார்ப்பொருளைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலம் பெருங்குடலில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருக உதவுகிறது என்பதை 2013-இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பாக்டீரியாக்களைக் காரணமில்லாமல் அழிப்பது வாத்தியாரைப் பள்ளியிலிருந்து துரத்துவதற்குச் சமம். மலத்தில் இரத்தம் வந்தாலோ காலரா என்று சந்தேகம் இருந்தாலோ ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். ஆனால் அதை மருத்துவர் குழந்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொரு பிள்ளையின் மிச்சம் எந்த நிலையிலும் தீர்வாகாது.

புரோபயாடிக் பொடியைப் பற்றி அப்படி ஒரே வரியில் சொல்ல முடியாது. ஒடிசாவில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. பிறந்த சில நாளிலேயே ஒரு குறிப்பிட்ட லாக்டோபேசில்லஸ் வகையை அதற்கு உணவாகும் நார்ப்பொருளோடு ஒரு வாரம் கொடுத்ததில், இரத்த நச்சுத்தொற்றும் இறப்பும் சேர்ந்து ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தன. நம் நாட்டில், கிராமப்புறத்தில் கிடைத்த இந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு அடுத்த ஆண்டே அமெரிக்காவிலும் கனடாவிலும் வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தைகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், பரவலாக விற்கப்படும் புரோபயாடிக்குகளுக்கும், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத வெறும் பொடிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எந்த வகை பாக்டீரியா, எந்த வயதில், எதற்காக என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது. கடையில் கொடுத்த பொட்டலத்தில் இருக்கும் வகை, எட்டு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வராமல் தடுக்கும் என்று காட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரரால் சொல்ல முடியாது. வாயால் போகும் இந்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை குடலில் தங்குவதும் இல்லை, கொடுப்பதை நிறுத்தினால் சில நாளில் போய்விடும். என் தம்பி மகள் சொன்ன விலையில் மாதம் ஏறக்குறைய 900 ரூபாய் ஆகிறது. தடைக்காலத்தில் அந்தப் பணத்தை இதில் போட நான் சம்மதிக்க மாட்டேன். குழந்தைகள் மருத்துவர் ஏதேனும் காரணத்துக்காகக் குறிப்பிட்டு எழுதிக்கொடுத்தால் அது வேறு கதை.

மாமியாரின் உரை மருந்தை மறுப்பது எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் என் பிள்ளைகளுக்கு என் தாயார் அதைத்தான் உரைத்துக் கொடுத்தார். ஆனால் மாசிக்காயும் கடுக்காயும் வசம்பும் உரைக்கப்படும் கல்லும், தொட்டு எடுக்கும் விரலும், குழைக்கும் தண்ணீரும் சுத்தமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வசம்பில் உள்ள ஆசரோன் என்ற பொருளைப் பற்றி மருந்தியலாளர்களுக்கு நெடுநாளாகவே ஐயம் உண்டு. தேனில் குழைத்துக் கொடுப்பது அதைவிடக் கேடு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகளைப் பச்சைக் குடலால் சமாளிக்க முடியாது. பிறந்தவுடன் சேனை வைப்பதையும் இதே காரணத்துக்காக விட்டுவிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நம் கரைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ராமநாதபுரம் கரையில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. காவிரி கூட்டுக் குடிநீர் வரும் நாளில் குடங்களை நிரப்பி வைத்து நாள்கணக்கில் பயன்படுத்துகிறோம், அது வராத நாளில் லாரித் தண்ணீர் அல்லது மணலில் தோண்டிய ஊற்று. ஆக, நம்மிடம் இருப்பவை உப்பு என்ற பிரச்சினையும் கிருமி என்ற பிரச்சினையும். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலரும் இயந்திரம் வாங்குகிறார்கள். ஆர்.ஓ. இயந்திரம் உப்பை எடுக்கும், கிருமியையும் எடுக்கும். ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் கணிசமான பங்கைக் கழிவாக வெளியே தள்ளும். குடத்தை எண்ணித் தண்ணீர் பிடிக்கும் வீட்டில் அது சின்ன இழப்பு இல்லை. சவ்வையும் வடிகட்டியையும் காலத்தில் மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரத்திலிருந்து வந்த தண்ணீரைத் திறந்த குடத்தில் ஊற்றி, கை நனைய டம்ளரால் மொண்டு எடுத்தால், எடுத்த கிருமி திரும்ப வந்துவிடும். ஆழ்குழாய் உவர்நீரைத் தவிர வேறு வழியே இல்லாத வீட்டுக்கு ஆர்.ஓ. நியாயம். என் தம்பி மகள் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது, உப்பில்லை. அவளுக்கு இருப்பது கிருமிப் பிரச்சினை மட்டும்.

கிருமிக்குக் காய்ச்சுவதா, குளோரின் மாத்திரை போடுவதா என்று கேட்டால், கைக்குழந்தைக்குக் காய்ச்சுவதையே சொல்வேன். குளோரின் மலிவு, பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கும் வைரஸ்களுக்கும் போதும், பெரியவர்கள் குடிக்கும் குடத்துக்கு நல்லது. ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக் குளோரின் எளிதில் கொல்வதில்லை. இந்தியக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் அதற்கு இருக்கும் பங்கை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அது மேற்படலச் செல்லுக்குள்ளேயே புகுந்து குடலுறிஞ்சிகளைச் சிதைப்பது. நன்றாகக் கொதித்த தண்ணீரில் அது பிழைக்காது. குழந்தைக்கு நாளைக்குத் தேவைப்படுவது ஒன்றிரண்டு லிட்டர்தான், அதற்கு ஆகும் கேஸ் பொடியின் விலையில் ஒரு துளி. காய்ச்சியதை அதே பாத்திரத்திலேயே மூடி ஆறவைத்து, குழாய் வைத்த மூடி போட்ட பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

தண்ணீரோடு எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லவும் என் மனம் ஒப்பவில்லை. தண்ணீர், கழிப்பறை, கை கழுவுதல் இவற்றை வீட்டளவில் மேம்படுத்திப் பார்த்த மூன்று பெரிய ஆய்வுகள் 2018, 2019-இல் வந்தன. வங்காளதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது, கென்யாவில் குறையவில்லை. ஜிம்பாப்வே உட்பட மூன்று நாட்டிலும் இந்த வசதிகளால் மட்டும் குழந்தைகள் உயரமாக வளரவில்லை. காரணத்தைத் தேடியவர்கள், கிருமி வரும் வழி தண்ணீர் மட்டும் இல்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டுகிறார்கள். தவழும் குழந்தை கோழி எச்சம் கிடக்கும் தரையில் கையை ஊன்றி அதே கையை வாயில் வைக்கிறது. போன மாதம் நான் போயிருந்தபோது இந்தக் குழந்தையே வாசலில் காயப்போட்டிருந்த வலையின் மிதவையைக் கையில் பிடித்து, மணலோடு சப்பிக்கொண்டிருந்தாள். அடிக்கடி மலக்கிருமி உள்ளே போனால், வயிற்றுப்போக்கே வராத குழந்தைக்கும் குடலில் ஓயாத அழற்சி உண்டாகிறது. நான் சொன்ன அந்தக் கருநீலப் புள்ளிகள் மேற்படலத்தில் அளவுக்கு மீறிக் கூடும், குடலுறிஞ்சிகள் குட்டையாகி மழுங்கும், செல்களுக்கு நடுவே கசிவு ஏற்படும். தின்ற சோறு உடம்பில் ஒட்டாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் வேலூரும் ஓர் இடமாக இருந்தது, அங்கேயும் இந்த நிலை சாதாரணமாகக் காணப்பட்டது. ஆகவே தண்ணீரைக் காய்ச்சுவதோடு, குழந்தை தவழ ஒரு பாயை ஒதுக்கி அதைத் தினமும் துடைப்பதும், கோழியை அந்தப் பக்கம் விடாமல் இருப்பதும், ஊட்டும் முன்னும் மலம் கழுவிய பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் சேர வேண்டும். இவற்றுக்குச் செலவு ஒரு பாயும் ஒரு சோப்பும்.

இத்தனை யோசனை சொன்னவர்களில் ஒருவர்கூடத் தாய்ப்பாலைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. குழந்தை பிறந்த முதல் சில வாரங்களில் தன் குடலுக்கு வேண்டிய ஐ.ஜி.ஏ.வைத் தானே உண்டாக்கிக்கொள்வது மிகக் குறைவு, அந்தக் குறையை ஈடுசெய்வது சீம்பால். அதற்குப் பிறகும் தாயின் உடல் செய்யும் ஒரு வேலையை ஒவ்வொரு முறை பாடம் எடுக்கும்போதும் நான் வியந்திருக்கிறேன். தாயின் பேயர் திட்டுகளில் பயிற்சி பெற்ற பி செல்கள் அவள் குடலிலிருந்து கிளம்பி, இரத்தத்தின் வழியே மார்பகத்துக்குப் போய்த் தங்கி, அங்கே ஐ.ஜி.ஏ. சுரக்கின்றன. அதாவது, தங்கச்சிமடத்தில் அதே குடத்துத் தண்ணீரைக் குடித்து, அதே வீட்டில் வாழும் தாயின் குடல் சந்தித்த கிருமிகளுக்கென்றே உருவான எதிர்ப்பொருள் அந்தப் பாலில் இருக்கிறது. எந்தப் பொட்டலத்தாலும் இதைக் கொடுக்க முடியாது. இணை உணவு தொடங்கியதும் பாலைக் குறைத்து, “இனி சோறு தின்னட்டும்” என்று நிறுத்தப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். என் தம்பி மகளும் இரவில் மட்டும்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். பகலிலும் கொடுக்கச் சொன்னேன், இரண்டு வயது வரை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னேன். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் பாலை அடிக்கடி கொடுக்க வேண்டும், குறைக்கவே கூடாது.

பாலுக்கு அடுத்தது உணவு, அதிலும் வைட்டமின் ஏ. குடல்சுவரின் டென்ட்ரைட்டிக் செல்கள் வைட்டமின் ஏயிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் தயாரித்து, தாங்கள் பயிற்றுவிக்கும் டி செல்லுக்கும் பி செல்லுக்கும் குடலின் முகவரியை எழுதிக் கொடுக்கின்றன. அந்த முகவரி இல்லாவிட்டால் செல்கள் இரத்தத்தில் சுற்றிவிட்டு வேறெங்கோ போய்த் தங்கும், குடலுக்குத் திரும்பாது. தமிழ்நாட்டிலேயே 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்த ஆய்வு 1990-இல் வெளியானபோது, இறப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. பிறகு உத்தரப் பிரதேசத்தில் பல லட்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் அந்த அளவு பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. குறைபாடு உள்ள இடத்தில் பலன் பெரிது, இல்லாத இடத்தில் சிறிது என்றே நான் புரிந்துகொள்கிறேன். நமக்கு இதற்காகத் தனியாகச் செலவழிக்க ஒன்றும் இல்லை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் இந்த 61 நாளிலும் நாட்டுப்படகு மீன் கரைக்கு வருகிறது. முள் எடுத்து மசித்த மீன், நன்றாக வெந்த மீன் ஈரல் கொஞ்சம், முருங்கைக் கீரையை வேகவைத்து மசித்துச் சோற்றில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தது, பரங்கிக்காய், பப்பாளி இவற்றில் ஏதாவது ஒன்று தினம் இருந்தால் போதும். கீரையில் உள்ளது வைட்டமின் ஏயாக மாற வேண்டிய கரோட்டின் என்பதால் எண்ணெய் கட்டாயம். மீன் ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அதனால் தினமும் வேண்டாம். மிளகாயை மட்டும் தவிர்க்கச் சொன்னேன், முண்டு மிளகாய் ஊரில் அது அவ்வளவு எளிதான காரியம் இல்லை என்றாலும். இன்னும் சில மாதம் போனால் முள்ளங்கியும் முட்டைக்கோசும் வேகவைத்துக் கொடுக்கலாம். அந்தக் குடும்பத்துக் காய்களிலிருந்து வரும் சில பொருள்கள் இல்லாவிட்டால் மேற்படலத்தின் டி செல்கள் நிலைப்பதில்லை என்று 2011-இல் எலிகளில் கண்டறிந்தார்கள்.

இலவசமாகக் கிடைப்பதால் யோசனைகளின் பட்டியலிலேயே வராமல் போனது தடுப்பு மருந்து. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டின் அரசுத் திட்டத்தில் இருக்கிறது, 6, 10, 14 வாரங்களில் கொடுக்கிறார்கள். முதன்முதலில் இத்திட்டத்துக்கு வந்த இந்தியத் தயாரிப்பு, டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் கண்டெடுத்த 116இ என்ற வைரஸ் வகையிலிருந்து உருவாக்கப்பட்டது. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் அது 56 சதவீதம் அளவுக்குத் தடுத்தது. வசதியான நாடுகளில் இவ்வகைச் சொட்டு மருந்துகள் 85 சதவீதத்துக்கும் மேல் பலன் தருவதோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். அழற்சியிலேயே இருக்கும் குடலில் சொட்டு மருந்து சரியாகப் பாடம் நடத்த முடிவதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, ஆகத் தண்ணீரும் தரையும் இங்கேயும் கணக்குக்கு வருகின்றன. ஆனாலும் நூறில் 56 என்பது, செலவே இல்லாமல் வருவது.

“ஊசி போட்டாச்சே, சொட்டு எதுக்கு?” என்று போலியோவைப் பற்றி அவள் கேட்டதற்கும் விடை இந்தச் செல்களிடம்தான் இருக்கிறது. தோலிலோ தசையிலோ போடும் ஊசி, இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி, வைரஸ் நரம்புக்குப் போவதைத் தடுக்கிறது. அந்த இடத்து டென்ட்ரைட்டிக் செல்கள் குடலின் முகவரியை எழுதிக் கொடுக்காததால், குடலில் ஐ.ஜி.ஏ. பெரிதாக உருவாவதில்லை. அந்தக் குழந்தைக்கு வாதம் வராது, ஆனால் வைரஸ் அதன் குடலில் வளர்ந்து ஊருக்குப் பரவ முடியும். வாயில் விடும் சொட்டு, குடலையே பயிற்றுவிக்கிறது. இரண்டில் எது மேல் என்ற கேள்விக்கு 2014-இல் வேலூரிலிருந்து வந்த முடிவு அழகான விடை தந்தது. ஏற்கெனவே சொட்டு வாங்கிய குழந்தைகளுக்கு ஓர் ஊசி போட்டதும், குடலில் இருந்த பழைய நினைவு மீண்டும் எழுந்தது. அதனால்தான் நம் அட்டவணையில் இரண்டும் இருக்கின்றன, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆக, அவள் கையில் இருந்த பணத்துக்கு நான் சொன்ன வரிசை இதுதான். பகலிலும் பால், தவணை தவறாத சொட்டும் ஊசியும், இவை இரண்டுக்கும் காசு இல்லை. அடுத்து காய்ச்சிய தண்ணீரும் மூடிய பாத்திரமும் தவழும் பாயும் சோப்பும். அதற்குப் பிறகு மீனும் கீரையும். ஆர்.ஓ. இயந்திரம் தடைக்காலம் முடிந்த பிறகு, தண்ணீர் உவர்ப்பாக மாறினால் மட்டும். பொடி வேண்டாம். இதோடு துணை சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் துத்தநாக மாத்திரையும் வாங்கி வீட்டில் வைத்திருக்கச் சொன்னேன். வயிற்றுப்போக்கு தொடங்கியதும் பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். துத்தநாகம், ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், இடையில் வயிற்றுப்போக்கு நின்றுவிட்டாலும் தொடங்கிய நாளிலிருந்து மொத்தம் 14 நாள். தேய்ந்த மேற்படலம் மீண்டும் வளர அது உதவுகிறது, இரண்டாம் நாளே நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, குழந்தை குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, இதில் எதையும் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அவள் குழாய் வைத்த ஸ்டீல் பாத்திரம் ஒன்று வாங்கிவிட்டாள். மாமியார்தான் இப்போது காலையில் முதல் வேலையாகத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறாராம். சிரப்பை மதினியிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று. குழந்தைக்கு அடுத்த மாதம் ஒன்பது மாதம் முடிகிறது. அதற்குப் பிறகு வரும் புதன்கிழமை தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன். தட்டம்மை-ரூபெல்லா ஊசி, போலியோ ஊசியின் மூன்றாவது தவணை, வைட்டமின் ஏயின் முதல் தவணை ஒரு லட்சம் யூனிட், இவை மூன்றும் அன்றைக்கே உண்டு. மூன்றாவதைச் செவிலியர் மறந்தாலும் நீ மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள், தாயி.